நிறைவைத் தேடிய தூரிகை

நுழையும்முன்

ஓவியம் முடிந்தபின்தான் நம் பார்வைக்கு வருகிறது. அதற்குமுன் அது கடந்துவந்த படிநிலைகள் பெரும்பாலும் வண்ணத்தின் அடியில் மறைந்துபோகின்றன. அப்படிநிலைகளை மறைக்காமல் விட்டுச்சென்ற ஓவியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்தார். சில ஆப்பிள்களையும் சில மனித முகங்களையும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையையும் அவர் ஓர் ஓவியத்தை வளர்த்தெடுத்த முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெட்டியின்மேல் ஒரு நாற்காலி

1899ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஓர் ஓவியக்கூடம். அதன் நடுவே மரப்பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியின்மேல் ஒரு நாற்காலி. நாற்காலியில் அம்ப்ருவாஸ் வொல்லார் என்னும் ஓவிய வணிகர். அவருக்கு எதிரே, அறுபது வயது நிரம்பிய ஓவியர் ஒருவர் கித்தானையும் வொல்லாரையும் மாறிமாறிப் பார்த்தவாறு நிற்கிறார். ஒரு தீற்றல் வைக்கிறார், நெடுநேரம் பார்க்கிறார், மீண்டும் ஒரு தீற்றல் வைக்கிறார். அசையாமல் அமர்ந்திருந்த வணிகரின் கண்கள் சொக்குகின்றன. உறக்கத்தில் அவர் தலை சாய, நாற்காலியோடு தரையில் விழுகிறார். அமர்ந்திருந்த நிலை குலைந்துவிட்டதே என்று ஓவியர் கடிந்துகொள்கிறார். ஆப்பிளைப்போல் அமர்ந்திருக்க வேண்டும், ஆப்பிள் அசைவதில்லையே என்பது அவர் கூறியதன் கருத்து.

இந்நிகழ்ச்சியை வொல்லாரே பின்னாளில் தாம் எழுதிய நூலில் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஓர் ஓவியத்திற்காகத் தாம் 115 முறை அமர்ந்ததாகவும் அதில் குறிப்பிடுகிறார். அத்தனை அமர்வுகளுக்குப் பின்னும் ஓவியம் முடிந்தபாடில்லை. கையில் இரண்டு சிறு இடங்களில் வண்ணம் ஏறாமல் கித்தான் தெரிந்தது. வொல்லார் அதனைச் சுட்டிக்காட்டினார். லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்துப் பயிலும்போது பொருத்தமான நிறம் பிடிபட்டால் அவ்விடங்களை நிரப்பலாம் என்றார் ஓவியர். பொருந்தாத நிறத்தை அங்கே வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து ஓவியம் முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். முடிவில், சட்டையின் முன்புறம் மட்டும் தமக்கு மனக்குறை தரவில்லை என்று சொல்லிவிட்டு, ஓவியத்தை அந்நிலையிலேயே விட்டுத் தம் ஊருக்குப் புறப்பட்டார்.

அந்த ஓவியர் பால் செசான். இரண்டு சிறு இடங்களுக்காக ஓர் ஓவியம் முழுவதையும் மீண்டும் தொடங்க அவர் ஏன் அணியமாக இருந்தார்? இவ்வினாவிற்கான விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

வங்கியாளரின் மகன்

பால் செசான் 1839ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள், பிரான்ஸின் தென்பகுதியில் உள்ள எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லூயி ஒகுஸ்த் தொப்பி வணிகராகத் தொடங்கி, உழைப்பாலும் சிக்கனத்தாலும் வங்கி உரிமையாளராக உயர்ந்தவர். தாம் ஈட்டிய செல்வத்தையும் மதிப்பையும் ஒரே மகன் கட்டிக்காக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

எக்ஸ் நகரப் பள்ளியில் படித்தபோது, தம்மைவிட ஓர் ஆண்டு இளையவனான ஒரு மாணவனோடு செசானுக்கு நட்பு ஏற்பட்டது. அம்மாணவனே பிற்காலத்தில் புகழ்பெற்ற புதின ஆசிரியராக விளங்கிய எமில் சோலா. பிற மாணவர்களின் கேலிக்கும் அடிக்கும் ஆளான சோலாவுக்காகச் செசான் பரிந்து நின்றதாகவும், மறுநாள் சோலா ஒரு கூடை ஆப்பிள்களைக் கொண்டுவந்து நண்பருக்கு அளித்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இருவரும் ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளில் திரிந்தார்கள், ஆற்றில் நீந்தினார்கள், கவிதை எழுதிப் பழகினார்கள்.

பள்ளிப்படிப்பை முடித்த செசான், தந்தையின் சொற்படி சட்டம் பயிலச் சேர்ந்தார். மனமோ ஊரில் இருந்த ஓவியப் பள்ளியையே நாடியது. சோலா அதற்குள் பாரிஸுக்குச் சென்றிருந்தார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் நண்பரைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டே இருந்தன. 1861ஆம் ஆண்டில் தந்தை அரைமனத்தோடு இசைவளித்தார். பாரிஸ் சென்ற செசான் சில திங்களிலேயே தன்னம்பிக்கை இழந்து ஊர் திரும்பினார்; தந்தையின் வங்கியில் அமர்ந்து கணக்கு எழுதினார். கணக்கேடு அவரைக் கட்டிவைக்கவில்லை. அடுத்த ஆண்டே மீண்டும் பாரிஸுக்குப் புறப்பட்டார்.

மூடிய கதவுகள்

அக்காலப் பாரிஸில் ஓர் ஓவியர் பெயர்பெற வேண்டுமானால், சலோன் எனப்பட்ட அரசு சார்ந்த கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற வேண்டும். நடுவர் குழுவொன்று ஓவியங்களைத் தேர்ந்தெடுக்கும். தூரிகையின் தடமே தெரியாமல் மழமழவென்று முடிக்கப்பட்ட ஓவியங்களே அக்குழுவிற்கு உகந்தவை. செசான் அக்கண்காட்சிக்கு ஓவியங்களை அனுப்பினார், அவை திரும்பிவந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அனுப்பினார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்பிவந்தன. நுண்கலைக் கல்லூரியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லூவர் அருங்காட்சியகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. பழம்பெரும் ஓவியர்களின் படைப்புகளுக்குமுன் நின்று அவற்றைப் படியெடுத்துப் பயின்றார். இப்பழக்கத்தை அவர் முதுமையிலும் கைவிடவில்லை.

1866ஆம் ஆண்டில் அவர் தம் தந்தையை வரைந்தார். உயர்ந்த முதுகுடைய நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் முதியவரின் உருவம் அது. ஏறத்தாழ ஆளுயரக் கித்தானில், வண்ணக்கத்தியால் அப்பிய தடித்த வண்ணத்தில் அவ்வோவியம் அமைந்திருக்கிறது. தந்தையின் தலைக்குப் பின்னே சுவரில் ஒரு சிறு ஓவியம் தொங்குகிறது. சர்க்கரைக் கிண்ணமும் பேரிக்காய்களும் நீலக் கோப்பையும் கொண்ட அச்சிறு ஓவியம் செசானே வரைந்தது. மகன் ஓவியராவதை விரும்பாத தந்தையின் உருவப்படத்திற்குள், மகன் தன் ஓவியத்தைத் தொங்கவிட்டிருக்கிறான். உருவப்படமும் நிலைப்பொருள் ஓவியமும் ஒரே கித்தானில் சந்திக்கின்றன. வாழ்நாள் முழுவதும் செசானை ஆட்கொண்ட இருவகை ஓவியங்களும் இளமையிலேயே இவ்வாறு அருகருகே வந்து நின்றன.

அந்நாளைய செசான் விரைந்து தீட்டுபவர். உள்ளத்துக் கொந்தளிப்பை அப்படியே கித்தானில் கொட்டுபவர். கறுப்பும் பழுப்பும் சாம்பலும் அவர் விரும்பிய நிறங்கள். பொறுத்திருந்து பார்ப்பதை அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

தெரிந்து தெளிவோம்

பழம், பூ, பாண்டம், துணி முதலிய அசையாப் பொருள்களை அடுக்கிவைத்து வரைவது நிலைப்பொருள் ஓவியம். பிரெஞ்சு மொழியில் இதற்கு வழங்கும் பெயர், இறந்த இயற்கை என்னும் பொருளுடையது. அக்காலப் பிரெஞ்சுக் கலைக்கழகம் ஓவிய வகைகளை மேல், கீழ் என வரிசைப்படுத்தியிருந்தது. வரலாற்று நிகழ்ச்சிகளையும் சமயக் கதைகளையும் சித்திரிக்கும் ஓவியங்கள் முதலிடத்தில் வைக்கப்பட்டன. அவற்றிற்கு அடுத்து உருவப்படம் போன்றவை இடம்பெற்றன. நிலைப்பொருள் ஓவியத்திற்குக் கிடைத்தது கடைசி இடம்.

பொறுமையைக் கற்பித்த நண்பர்

செசானைவிட ஒன்பது ஆண்டு மூத்தவர் கமீல் பிசாரோ. 1872ஆம் ஆண்டில் பாரிஸுக்கு வெளியே பொந்துவாஸ் என்னும் ஊரில் இருந்த அவரிடம் செசான் சென்று சேர்ந்தார். இருவரும் ஓவியத் தாங்கிகளைத் தோளில் சுமந்து வயல்வெளிகளுக்கும் தெருக்களுக்கும் சென்று அருகருகே நின்று வரைந்தனர். பிசாரோவின் ஓவியம் ஒன்றை வாங்கிச் சென்று, செசான் அதனை அப்படியே படியெடுத்துப் பார்த்தார். முப்பது வயதைக் கடந்த ஓவியர் ஒருவர் மீண்டும் மாணவராக அமர்ந்த காலம் அது.

அங்கே அவருடைய தூரிகை மாறியது. கறுப்பு விலகி ஒளி புகுந்தது. அப்பிய வண்ணம் மறைந்து, சிறு சிறு தீற்றல்களாகப் பிரிந்தது. நினைவில் கொதிப்பதை வரைவதைவிடக் கண்முன் இருப்பதை உற்றுநோக்கி வரைவது கடினமானது என்பதைச் செசான் பிசாரோவிடம் உணர்ந்துகொண்டார். அந்த நன்றியை இறுதிவரை மறக்காத அவர், முதுமையிலும் தம்மைப் பிசாரோவின் மாணவர் என்றே குறிப்பிட்டுக்கொண்டார்.

1874ஆம் ஆண்டில் பிசாரோவும் மொனேவும் ரெனுவாரும் நண்பர்களும் இணைந்து தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தினர். உணர்வுப்பதிவு ஓவியர்கள் எனப் பின்னர் உலகம் போற்றியது இவர்களையே. செசானும் அக்கண்காட்சியில் பங்கேற்றார். பார்க்க வந்தோர் சிரித்தனர், இதழ்கள் எள்ளிநகையாடின. 1877ஆம் ஆண்டில் நடந்த மூன்றாம் கண்காட்சியிலும் அவருக்கு ஏளனமே கிட்டியது. அதன்பின் அவர் அக்குழுவோடு சேர்ந்து ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஒளியின் ஒரு நொடியைப் பிடிப்பதில் நண்பர்கள் மனநிறைவு கண்டனர். செசானுக்கோ அந்நொடி கடந்த பின்னும் நிலைத்து நிற்கும் கட்டுமானம் தேவைப்பட்டது. அதைத் தேடி அவர் தம் ஊருக்கும் தம் மேசைக்கும் திரும்பினார்.

மேசைமேல் விரிந்த உலகம்

மரமேசை ஒன்று, வெள்ளைத்துணி ஒன்று, சில ஆப்பிள்கள், ஒரு புட்டி, ஓர் இஞ்சி ஊறல் சாடி. செசானின் நிலைப்பொருள் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவையே. ஓர் ஆப்பிளைக் கொண்டே பாரிஸ் நகரை வியக்கவைக்கப் போவதாக அவர் சொன்னதுண்டு. கடைசி இடத்தில் வைக்கப்பட்ட ஓவிய வகையைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலிடத்தில் வைக்கப்பட்டவற்றோடு போட்டியிடும் துணிவு அச்சொல்லில் இருந்தது.

அவருடைய ஓவியம் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடும். பொருள்களை அடுக்குவதே முதற்படி. துணியை மடித்தும் கசக்கியும் மலைச்சரிவுபோல் அமைப்பார். பச்சைக்கு அருகே சிவப்பு, மஞ்சளுக்கு அருகே நீலம் என நிறங்கள் ஒன்றையொன்று தூண்டும் வகையில் பழங்களை வைப்பார். ஒரு பழம் தாம் விரும்பிய கோணத்தில் சாயவில்லை எனில், அதன் அடியில் நாணயங்களைச் செருகி நிமிர்த்துவார். அவர் இவ்வாறு செய்வதை இளைய ஓவியர் ஒருவர் அருகிருந்து பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார்.

கோடுகள் இரண்டாம் படி. கரிக்கோலாலோ நீர்த்த நீல வண்ணத்தாலோ பொருள்களின் இடத்தை மெல்லக் குறிப்பார். ஒரு பழத்தின் விளிம்பிற்கு ஒரே கோடு போதும் என அவர் எண்ணியதில்லை. இரண்டு மூன்று கோடுகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும். விளிம்பு எங்கே முடிகிறது என்பதை முன்கூட்டியே அறுதியிட அவர் விரும்பவில்லை.

மூன்றாம் படியில் நீர்த்த வண்ணம் நிழலுள்ள பகுதிகளில் ஏறும். அடுத்து, அதனைத் தழுவியவாறு வேறொரு தீற்றல். அதனைத் தழுவி மற்றொன்று. ஆப்பிளின் உருண்டை வடிவத்தைக் காட்ட, சிவப்போடு கறுப்பைக் கலந்து நிழல் தீட்டுவதே அக்காலப் பொதுமுறை. செசான் நிறத்தின் வழியே வடிவத்தைத் திருப்பினார். நம்மை நோக்கி நிற்கும் பகுதி மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் இருக்கும். விலகிச் செல்லச்செல்ல அது சிவப்பாகி, ஊதாவாகி, நீலப் பச்சையில் முடியும். சூடான நிறங்கள் முன்வருவனபோலவும் குளிர்ந்த நிறங்கள் பின்வாங்குவனபோலவும் கண்ணுக்குத் தோன்றுவதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

இவற்றினும் முதன்மையானது நான்காவது ஒழுங்கு. ஒரு பழத்தை முழுமையாக முடித்துவிட்டு அடுத்த பழத்திற்குச் செல்வது அவர் வழக்கமன்று. கித்தான் முழுவதையும் ஒருசேர வளர்ப்பார். ஆப்பிளில் ஒரு தீற்றல் வைத்தால், அதற்கு ஈடாகத் துணியில் ஒன்று, சுவரில் ஒன்று. ஒரு நிறம் அருகில் உள்ள நிறத்தை மாற்றிக்காட்டும் என்பதால், ஒவ்வொரு தீற்றலுக்குப் பிறகும் ஓவியம் முழுவதையும் மீண்டும் பார்த்தாக வேண்டும். வொல்லாரின் கையில் இருந்த அந்த இரண்டு வெற்றிடங்களை அவர் நிரப்பத் தயங்கிய காரணம் இப்போது புலப்படும். அவருடைய ஓவியத்தில் தனியிடம் என்று ஒன்று இல்லை. ஓரிடத்தில் நேர்ந்த பிழை எல்லா இடத்தையும் குலைத்துவிடும்.

இம்முறை நாள்களையும் வாரங்களையும் விழுங்கியது. ஆப்பிள்கள் சுருங்கின, பேரிக்காய்கள் அழுகின. பூக்கள் வாடிவிடும் என்பதால் தாளில் செய்த பூக்களை வைத்தும் அவர் வரைந்தார்.

1893ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஆப்பிள் கூடை ஓவியம் இன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ளது. அதில் மேசையின் இடப்புற விளிம்பும் வலப்புற விளிம்பும் ஒரே நேர்கோட்டில் பொருந்தவில்லை. புட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. முதல் பார்வையில் வரையத் தெரியாதவர் வரைந்ததுபோல் தோன்றும். ஒரே இடத்தில் ஒற்றைக்கண்ணால் பார்ப்பது புகைப்படக் கருவி. மனிதரோ தலையை அசைத்து, நின்ற இடம் மாறி, நாள்தோறும் சற்றே வேறுபட்ட கோணத்தில் பார்க்கின்றனர். பல நாள்களின் பார்வைகள் ஒரே கித்தானில் சேர்ந்திருப்பதையே அந்த மேசையில் காண்கிறோம்.

இலண்டனில் உள்ள தேட் கலைக்கூடத்தின் தொகுப்பில், செசான் முடிக்காமல் விட்ட நீர்க்குவளை ஓவியம் ஒன்று இருக்கிறது. ஓவியம் பயில்வோருக்கு அது திறந்துவைத்த பாடநூல். சில இடங்களில் வண்ணம் திரண்டிருக்கிறது. சில இடங்களில் கோடும் நீர்த்த வண்ணமும் மட்டும் உள்ளன. சில இடங்களில் கித்தான் வெறுமையாகவே தெரிகிறது. மேற்கூறிய படிநிலைகள் அனைத்தையும் ஒரே பார்வையில் காணமுடிகிறது. வெறுமையான இடங்களும் அங்கே ஒளியாக நின்று உதவுகின்றன.

முகத்தை வளர்த்த முறை

செசான் ஏறத்தாழ 200 உருவப்படங்களை வரைந்துள்ளார். அவற்றுள் 29 அவருடைய துணைவியார் ஒர்த்தான்ஸ் பிகேயின் எண்ணெய் வண்ண உருவப்படங்கள். 26 அவர் தம்மையே வரைந்துகொண்டவை. மற்றவற்றில் மகன், மாமன், நண்பர்கள், வேளாண் தொழிலாளர்கள், தோட்டக்காரர் ஆகியோர் இடம்பெற்றனர். பெருஞ்செல்வர்களின் விருப்பத்திற்கேற்ப வரைந்து பொருளீட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. நூறு முறை அமரச் சொல்லும் ஓவியரிடம் எந்தச் செல்வர் வருவார்?

முகத்தையும் அவர் ஆப்பிளை வளர்த்ததுபோலவே வளர்த்தார். முதலில் தலையின் சாய்வு, தோளின் கோடு, நாற்காலியின் வளைவு ஆகியவை இடம்பெறும். அடுத்து நிழல்கள். பின்னர்ச் சிறு தீற்றல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி, கன்னமாகவும் நெற்றியாகவும் திரளும். சிரிப்பு, சினம் போன்ற நொடிப்பொழுது உணர்ச்சிகளை இம்முறையில் பிடிக்க முடியாது. பல வாரம் அமர்ந்திருப்பவர் முகத்தில் அவை தங்குவதும் இல்லை. எல்லா உணர்ச்சிகளும் வடிந்தபின் எஞ்சி நிற்கும் அமைதியே செசானின் முகங்களில் படிந்திருக்கிறது. ஒர்த்தான்ஸின் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடியவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கோ அம்முகம் ஒவ்வோர் ஓவியத்திலும் வேறொன்றாகத் தெரிகிறது.

குஸ்தாவ் ஜெஃப்ருவா என்னும் கலைத் திறனாய்வாளர் செசானைப் பாராட்டி எழுதியவர். அவரை 1895ஆம் ஆண்டில் செசான் வரையத் தொடங்கினார். ஜெஃப்ருவா தம் எழுத்து மேசைக்குமுன் அமர்ந்திருக்க, பின்னே புத்தக அடுக்கு நிற்கிறது. ஏறத்தாழ மூன்று திங்கள் செசான் அவ்வீட்டிற்குச் சென்று வரைந்தார். புத்தகங்களின் முதுகுகளும் மேசைமேல் கிடந்த தாள்களும் திண்மை பெற்றன. முகமும் கைகளும் மட்டும் வளரவில்லை. அவர் மனமுடைந்து ஓவியத்தைக் கைவிட்டார். ஜெஃப்ருவா வற்புறுத்தவே மீண்டும் சில நாள் முயன்றுபார்த்தார். பின் எக்ஸ் நகருக்குத் திரும்பிவிட்டார். முடியாத அம்முகம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வளராத முகத்தின்மேல் திறமையைக் காட்டி, கண்ணையும் மூக்கையும் எழுதி முடிப்பது செசானுக்கு அரிய செயல் அன்று. ஆனால் தாம் இன்னும் கண்டறியாத ஒன்றைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை.

இழந்தவையும் எஞ்சியவையும்

இந்த நேர்மைக்குச் செசான் கொடுத்த விலை சிறிதன்று. நாற்பது வயதைக் கடந்த பின்னும் அவர் தந்தையின் உதவித்தொகையை நம்பியே வாழ்ந்தார். ஒர்த்தான்ஸோடு தாம் நடத்திய குடும்ப வாழ்க்கையையும் 1872ஆம் ஆண்டில் மகன் பிறந்ததையும் தந்தைக்கு அஞ்சி மறைத்தே வைத்திருந்தார். 1878ஆம் ஆண்டில் மகனுக்கு வந்த கடிதமொன்றைத் தந்தை பிரித்துப் படித்ததில் உண்மை வெளிப்பட்டது. உதவித்தொகை குறைந்தது. அந்நாள்களில் ஒர்த்தான்ஸுக்கும் குழந்தைக்கும் பணம் அனுப்பி உதவியவர் சோலா. செசான் ஒர்த்தான்ஸைச் சட்டப்படி மணந்துகொண்டது 1886ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் தந்தை மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் செசானின் பணக்கவலை தீர்ந்தது.

அதே ஆண்டில் சோலாவின் புதினம் ஒன்று வெளிவந்தது. பெரிய ஓவியமொன்றை முடிக்க இயலாமல், அதன்முன்னேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஓவியன் ஒருவனின் கதை அது. அந்த ஓவியனிடம் பலர் செசானின் சாயலைக் கண்டனர். புதினத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி தெரிவித்துச் செசான் பண்போடு ஒரு கடிதம் எழுதினார். அதன்பின் அந்த இளமைக்கால நெருக்கம் நீடிக்கவில்லை. 1902ஆம் ஆண்டில் சோலா இறந்த செய்தியைக் கேட்ட செசான் தம் ஓவியக்கூடத்தில் தனித்திருந்து அழுதார் என்பர்.

புதினத்தில் வரும் ஓவியனுக்கும் செசானுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முடியாத ஓவியத்தின்முன் அவன் வீழ்ந்தான். செசான் மறுநாள் காலையில் எழுந்து அடுத்த கித்தானை எடுத்தார்.

அவருடைய ஓவியங்களை நெடுங்காலம் பாரிஸில் காணக்கூடிய இடம், தாங்கி என்னும் எளிய வண்ணக் கடைக்காரரின் கடை ஒன்றே. இளைய ஓவியர்கள் அங்கே சென்று அவற்றைப் பார்த்துத் திரும்பினர். 1895ஆம் ஆண்டு இறுதியில் வொல்லார் தம் கடையில் செசானின் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். அப்போது ஓவியருக்கு வயது 56. மறந்துபோன பெயர் மீண்டும் பேசப்பட்டது. ஒருசிலர் சிரித்தனர், ஓவியர்களோ வியந்து நின்றனர். பிசாரோவும் ரெனுவாரும் தெகாவும் அவருடைய ஓவியங்களைத் தமக்கென வாங்கினர்.

அவர் வரைந்த பழத்தட்டு ஓவியம் ஒன்றை ஓவியர் கோகேன் முன்பே வாங்கி வைத்திருந்தார். 1890ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் உருவப்படத்தை வரைந்தபோது, அவ்வோவியத்தையே பின்னணியாக அமைத்தார். 1900ஆம் ஆண்டில் மொரீஸ் தெனி, செசானுக்கு வணக்கம் செலுத்தும் ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் இளைய ஓவியர்கள் சூழ நிற்க, நடுவே ஓவியத் தாங்கியில் இருப்பது அதே பழத்தட்டு ஓவியம். தந்தையின் நாற்காலிக்குப் பின்னே சுவரில் மகன் தானே தொங்கவிட்ட நிலைப்பொருள் ஓவியம் நினைவிருக்கிறதா? முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஒரு தலைமுறையே அவருடைய நிலைப்பொருள் ஓவியத்தைச் சூழ்ந்து நின்றது.

இறுதி அமர்வு

எக்ஸ் நகரின் வடக்கே லோவ் குன்றில் செசான் கட்டிய ஓவியக்கூடம் 1902ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. வடக்கு நோக்கிய பெருஞ்சாளரம் அதற்கு ஒளி தந்தது. நாள்தோறும் விடியலில் அங்கே ஏறிச் சென்றார். நீரிழிவு நோய் உடலை அரித்துக்கொண்டிருந்தது, உழைப்பு குறையவில்லை. தோட்டக்காரர் வல்லியேயை எதிரே அமர்த்தி, அவருடைய உருவத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், வெளியே வரைந்துகொண்டிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்தவாறே மயங்கி விழுந்த அவரைச் சலவை வண்டி ஒன்றில் ஏற்றி வீட்டிற்குக் கொண்டுவந்தனர். மறுநாள் காலையில் எழுந்து, வல்லியேயின் உருவப்படத்தைத் தொடரத் தோட்டத்திற்குச் சென்றார். அங்கிருந்து திரும்பியவர் படுக்கையில் விழுந்தார். அத்திங்கள் 22ஆம் நாள் உயிர்நீத்தார். அவருக்கு அப்போது வயது 67. மனைவியும் மகனும் பாரிஸிலிருந்து வந்துசேரும் முன்பே அவர் உயிர் பிரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருடைய 56 படைப்புகள் ஒருங்கே வைக்கப்பட்டன. செருமானிய மொழிக் கவிஞர் ரில்கே நாள்தோறும் அங்கே சென்று நின்றார். கண்டதையெல்லாம் தம் மனைவிக்குக் கடிதங்களாக எழுதினார். பிக்காசோவும் பிராக்கும் அந்த மேசைகளின் பொருந்தா விளிம்புகளிலிருந்து புதியதோர் ஓவிய நெறியைக் கண்டெடுத்தனர். ஓவியர் மத்தீஸ் தம் வறுமைக் காலத்தில் வொல்லாரிடம் வாங்கிய செசானின் சிறு ஓவியம் ஒன்றை 37 ஆண்டுகள் தம்மோடு வைத்திருந்து, 1936ஆம் ஆண்டில் பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். 115 அமர்வுகளில் உருவான வொல்லாரின் உருவப்படமும் இன்று அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கையின் அந்த இரண்டு சிறு இடங்களும் நிரப்பப்படாமலே உள்ளன.

நாம் வரையும் ஓவியமாயினும் எழுதும் கட்டுரையாயினும், விரைந்து முடித்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அந்த ஆசைக்கு இடங்கொடாமல், கண்டதை மட்டும் தீட்டி, காணாததைக் காத்திருந்து தேடியவர் செசான். அவர் நிரப்பாமல் விட்ட இடங்களும் அவர் தீட்டிய இடங்களைப் போலவே நமக்குப் பாடம் சொல்கின்றன.

கற்பவை கற்றபின்

1. ஒரு பழத்தையும் ஒரு பாண்டத்தையும் மேசைமேல் வைத்து ஐந்து நாள்கள் தொடர்ந்து பார்த்து ஓர் ஓவியம் வரைக. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டதை நான்கு வரிகளில் எழுதி வகுப்பில் படிக்க.

2. முடிக்காமல் விடுவது தோல்வியா, நேர்மையா? இருதரப்பாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றின் முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் ஒப்பிட்டு, இடையில் செய்த மாற்றங்களையும் அவற்றிற்கான காரணங்களையும் பட்டியலிடுக.